முப்பத்தைந்தாம் நம்பர் சீட்

மகள் பிரியதர்ஷினி இறந்து ஒன்பதாம் நாள் பரசுராமன் கடையைத் திறந்தார்.

பக்கத்துக் கடையில் ஒரு வேனின் பின்கண்ணாடிக்கு ரப்பர் மாட்டிக்கொண்டிருந்த கியாசுதீன், ஷட்டர் மேலே ஏறும் சத்தம் கேட்டு அப்படியே நின்றார். காஞ்சிபுரம் வேலூர் ரோட்டில் அந்த இரண்டு கடைகளும் இருபத்திரண்டு வருடமாக ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று பேட்டரிக் கடை, மற்றது வண்டிகளுக்குக் கண்ணாடி மாட்டும் கடை. அந்தப் பக்கம் பரசுராமன் தும்மினால் இந்தப் பக்கமிருந்து கியாசுதீன், "நூறு வயசு, ஆனா எனக்கு அப்புறம்தான் போகணும்" என்று கத்துவார். அவ்வளவு பழக்கம். ஆனால் அன்று எழுந்து போய் அவர் முகத்தைப் பார்க்கக் கியாசுதீனுக்குக் கால் வரவில்லை.

பரசுராமனே வந்தார். கடை வாசலில் கிடந்த பழைய பஸ் சீட்டில், எப்போதும் உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்தார். மற்ற ஓரம் கியாசுதீனுடையது.

"டீ சொல்லட்டா பாய்?"

"நான் சொல்றேன். நீ உக்காருப்பா."

டீ வந்தது. இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். ஒரு பஸ் போனது. இன்னொரு பஸ் போனது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு பரசுராமன் சொன்னார்:

"நீயே சொல்லு. அந்த ஜன்னலைத் திறக்கறது அவ்ளோ பெரிய வேலையா?"

கியாசுதீன் தன் டம்ளரின் அடியைப் பார்த்தார்.

"சின்னப் புள்ளகூடத் திறக்கும்னு நீதான சொன்ன? சிவப்புப் பிடியைத் தூக்கு, தோளைக் கொடுத்துத் தள்ளு. முடிஞ்சது. இன்ஜினியரிங் படிச்சவ. ஆபீஸ்ல பத்துப் பேரை மேய்க்கிறவ. இதைச் செய்யத் துப்பு இல்ல. காதுல ஒயரை மாட்டிக்கினு தூங்கியிருக்குது. புகை மூக்குல ஏறியும் முழிக்கல."

"அப்படிச் சொல்லாதப்பா."

"பின்ன எப்படிச் சொல்றது? ஒவ்வொரு வாட்டியும் போன் பண்ணிச் சொன்னேன். ஒயரை மாட்டாதே, ஒயரை மாட்டாதே. கேட்டாதான?"

அவர் குரலில் அழுகை இல்லை. சுடுகாட்டிலும் அவர் அழவில்லை. மகள்மேல் கோபமாக இருந்தார். பரீட்சையில் தோற்றுவிட்டு வந்தவளை, அவள் எதிரே நிற்கும்போதே திட்டுவதுபோலத்தான் இந்த ஒன்பது நாளும் திட்டிக்கொண்டிருந்தார்.

நடந்தது ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் கிளம்பிய பஸ், சனிக்கிழமை விடிகிற நேரத்தில், வாலாஜா தாண்டி, முன்னால் ஜல்லி ஏற்றிப் போன டிப்பரின்மேல் மோதியது. ஏறும் கதவுப் பக்கம்தான் முதலில் தீ பிடித்தது. முன்னால் இருந்தவர்கள் டிரைவர் பக்கத்துக் கதவு வழியாகவும், உடைந்த முன்கண்ணாடி வழியாகவும் குதித்துவிட்டார்கள். பின்னால் இருந்த ஐந்து பேர் புகையில் போனார்கள். தீ அவர்கள் வரைக்கும் வரவே இல்லை. பின்வரிசைக்கு முன்வரிசையில், வலது பக்கத்து ஜன்னலோரம், முப்பத்தைந்தாம் நம்பர் சீட்டில் இருந்தவள் பிரியதர்ஷினி. அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்ததுதான் அவசர வழி ஜன்னல்.

'ஜன்னல் நல்ல நிலையில் இருந்தது, பயணிகள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தூங்கியதால் யாரும் திறக்கவில்லை' என்று பஸ் கம்பெனி மேனேஜர் வேலாயுதம் டிவியில் சொன்னார். அதையே ஊரும் சொன்னது. பரசுராமனும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

முப்பத்தைந்தாம் நம்பர் சீட்டைச் சொன்னது கியாசுதீன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பெங்களூரில் வேலை கிடைத்த வாரத்தில், பரசுராமன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இதே சீட்டில் உட்காரவைத்தார்.

"பாய், உனக்குத்தான் பஸ்ஸோட வயிறு தெரியும். எந்த சீட்டு பத்திரம்னு சொல்லு. இது வாரா வாரம் போய்க்கினு வரப்போவுது."

"இவரு பொண்ணை பெங்களூருக்கு அனுப்பறாரா, பார்டருக்கு அனுப்பறாரா?" என்றார் கியாசுதீன்.

"பாய் மாமா, அப்பா நேத்து ராத்திரி ஹெல்மெட் போட்டுக்கினு பஸ்ல ஏறுன்னு சொன்னாரு" என்றாள் பிரியா.

"சொன்னா இன்னா தப்பு?" என்றார் பரசுராமன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கியாசுதீன் சிரித்துக்கொண்டே எழுந்தார். அன்று வேலாயுதத்தின் பஸ் ஒன்று முன்கண்ணாடி மாற்ற வந்து நின்றிருந்தது. அவளை உள்ளே ஏற்றிப் பின்னால் கூட்டிப் போனார். மேலே கீல் வைத்து, கீழே சிவப்புப் பிடி போட்ட ஜன்னல். கண்ணாடி முழுக்க வெயிலுக்காகக் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது.

"கண்ணாடி உடைக்கற சுத்தியல் வெச்சிருப்பாங்கன்னு நம்பாதம்மா. திருடு போவுதுன்னு டிரைவர் பெட்டில பூட்டி வெச்சிருப்பானுங்க. கையால குத்தினாலும் உடையாது, இந்தத் தாள் பிடிச்சுக்கும். பிடியைத் தூக்கணும். உள்ளங்கையால தள்ளக் கூடாது, தோள். தோள் பத்தலன்னா சீட்டுல சாஞ்சுக்கினு ரெண்டு காலாலயும் உதை. சுத்தி ரப்பர் இருக்குது பாரு, இதுதான் ஜன்னலைப் பிடிச்சுக்கினு இருக்கறது. ரப்பர் விட்டா ஜன்னல் விட்டுது."

அவள் பிடியைத் தூக்கித் தோளைக் கொடுத்தாள். ஜன்னல் அம்மாடி என்று திறந்து, வேலூர் ரோட்டுப் புழுதியும் வெயிலும் உள்ளே வந்தன. வெளியே நின்ற அப்பாவைப் பார்த்து அவள் கையாட்டினாள். பரசுராமன் அப்போதுதான் சிரித்தார். அன்றிலிருந்து எந்த வாரமும் அவர் வேறு சீட்டு எடுக்கவில்லை. அந்த சீட்டு கிடைக்காத வாரம் அவளை ஊருக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

டீக்கடைக்காரர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். பரசுராமன் எழுந்திருக்கவில்லை.

"பாய், ஒரு உதவி பண்ணு. வண்டியை வாலாஜா போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துக் காலி இடத்துல நிறுத்தி வெச்சிருக்காங்களாம். நாளைக்குப் போலாம். நீ ஏறிப் பாரு. உனக்குத்தான் தெரியும். அந்த ஜன்னல் எப்படி இருந்துச்சு, இவ தொட்டாளா இல்லையா, எனக்குத் தெரியணும்."

"பார்த்து இன்னா ஆவப்போவுதுப்பா?"

"எனக்குத் தெரியணும் பாய்."

கியாசுதீனுக்கு அந்த ஒன்பது நாளும் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. வெளியே எடுத்துப் பார்க்க அவர் துணியவில்லை.

போன ஐப்பசியில் மழை தொடங்கியிருந்த நேரம். வேலாயுதம் ஒரு வெள்ளை பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் கம்பெனியில் ஏழு பஸ், ஏழும் வெள்ளை. அவசர ஜன்னலின் ரப்பர் காய்ந்து வெடித்து, மழைத்தண்ணீர் உள்ளே ஒழுகியிருந்தது. அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் பார்சல் அடுக்கு. காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவையை யாரும் டிக்கியில் போட்டு அனுப்பமாட்டார்கள். டீசல் வாடை பிடிக்கும், சூடு ஏறினால் ஜரிகை கறுக்கும் என்று பயணிகளோடு பயணியாக உள்ளேதான் வைத்து அனுப்புவார்கள். எல்லா பஸ்காரர்களும் அதற்கு ஒப்புக்கொண்ட வழக்கம். அந்த அடுக்கு பஸ்ஸின் பின்பக்க அவசர வழியை மறைத்துக்கொண்டு நின்றது. அதை யாரும் கேட்டதில்லை. கியாசுதீனும் கேட்டதில்லை.

"முகூர்த்தப் புடவை பாய்," என்றார் வேலாயுதம். "பதினோரு புடவை. தண்ணி பட்டு, கல்யாணப் பொண்ணு வீட்டுல என்னை உயிரோட கொளுத்தறேன்னு நிக்கறாங்க. ஒரு சொட்டு இறங்கக் கூடாது."

"ரப்பர் மாத்தணும்பா. இந்த சைஸ் மெட்ராஸ்லேருந்து வரணும். நாலு நாள் ஆவும்."

"சாயந்தரம் வண்டி போவணும் பாய். எதையாச்சும் வெச்சு அடைச்சுடு."

வானம் கறுத்துக்கொண்டிருந்தது. முன்கண்ணாடி ஒட்டுகிற கறுப்புப் பேஸ்ட் கடையில் இருந்தது. காய்ந்தால் இரும்பையும் கண்ணாடியையும் ஒன்றாக்கிவிடுகிற பேஸ்ட். கியாசுதீன் ஜன்னலைச் சுற்றி அதை இழுத்தார். நல்ல கை அவருடையது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியாமல் ஒரே கோடாக இழுத்தார். பிடிமேல் 'இயங்காது' என்று ஒரு தாள் ஒட்டப் போனபோது வேலாயுதம் தடுத்தார். ஏறுகிறவர்கள் பயப்படுவார்களாம்.

"மழை விட்டதும் கொண்டா. அறுத்துட்டு ரப்பர் போட்டுத் தரேன். மறந்துடாத."

"கட்டாயம் பாய்."

ஐந்தாம் நாள் ரப்பர் வந்தது. சுருட்டி ஆணியில் மாட்டினார். பஸ் வரவில்லை. ரப்பரைப் பார்க்கும்போதெல்லாம் வேலாயுதத்துக்குப் போன் பண்ண நினைப்பார், ஏதாவது ஒரு வண்டி வந்து நிற்கும், மறந்துபோவார். தை வந்தது. மழை விட்டிருந்தது, ஜன்னலை அடைத்து மூன்று மாதம் ஆனது.

பிரியாவுக்கு அந்த சீட்டைச் சொன்னவரும் அவர்தான், அந்த ஜன்னலை அடைத்தவரும் அவர்தான். ஒரே தலைக்குள் இரண்டும் இருந்தன. ஆனால் ஒரு நாள்கூட அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. செய்தி வந்த காலையில்தான் பார்த்துக்கொண்டன. அதற்குப் பிறகும் அவர், ஏழு பஸ் இருக்கிறதே, இது வேறாக இருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு நாட்களைத் தள்ளினார்.

மறுநாள் பரசுராமனின் பைக்கில் போனார்கள்.

ஸ்டேஷனை ஒட்டி முள்செடிகளுக்கு நடுவில் பஸ் நின்றது. முன்பாதி வெறும் எலும்பு. பின்பாதியில் வெள்ளைப் பெயிண்ட் இன்னும் தெரிந்தது. ஜன்னல்கள் புகையேறிக் கறுத்திருந்தன. ஊர்க்காரர்கள் வெளியிலிருந்து கல்லெறிந்த இடங்களில் கண்ணாடி நொறுங்கியும் விழாமல், தாளில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. பைக்கை நிறுத்திய பரசுராமன் அதைவிட்டு இறங்கவில்லை.

"நீ போய்ப் பாரு பாய். நான் வரல."

போலீஸ்காரர் ஒருவர், பார்த்துவிட்டு வரட்டும் என்று தலையாட்டினார். கியாசுதீன் ஏறினார். காலடியில் சாம்பல் நொறுங்கியது. முப்பத்தைந்தாம் நம்பர் சீட்டின் துணி கருகவில்லை. மேலே கரி மட்டும் படிந்திருந்தது. அவர் குனிந்தார்.

பிடி தூக்கியிருந்தது. முழுக்க, மேலே நிற்கிற வரைக்கும் தூக்கியிருந்தது. தாழ்ப்பாளின் நாக்கு உள்ளே போயிருந்தது. ஜன்னல் திறக்க வேண்டியதுதான். திறக்கவில்லை.

விரலால் கரியைத் துடைத்தார். கீழே அவருடைய கோடு இருந்தது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியாத கோடு. வேறு யார் பார்த்தாலும் அதைக் கரி என்றுதான் நினைத்திருப்பார்கள். துடைத்துக்கொண்டே போனவரின் விரல் கீழ்மூலையில் ஒரு பள்ளத்தில் இறங்கியது. அங்கே பேஸ்ட் பெயர்க்கப்பட்டிருந்தது. கூர்மையான எதையோ வைத்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தி, துளித் துளியாகப் பெயர்த்திருந்தது. ஒரு சாண் நீளம். முடிவில் பிரியாவுடைய ஸ்கூட்டர் சாவி, வளைந்து, பேஸ்ட்டுக்குள் குத்தியபடியே நின்றது.

அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. பிடியைத் தூக்கியிருக்கிறாள். தோளைக் கொடுத்திருக்கிறாள். உதைத்திருக்கிறாள், கண்ணாடிக் கரியில் செருப்பு அடையாளங்கள் இருந்தன. பிறகு எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று இருட்டிலும் புகையிலும் தடவிக் கண்டுபிடித்து, அதை அறுக்கத் தொடங்கியிருக்கிறாள். ரப்பர் விட்டால் ஜன்னல் விட்டது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

கியாசுதீன் எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று அவருக்குத் தெரியாது. கீழே இறங்கி வந்தபோது பரசுராமன் அவரைக் கூர்ந்து பார்த்தார்.

"இன்னா பாய்?"

"ஒண்ணும் தெரியலப்பா. எல்லாம் கரி."

"தொடலையா?"

"தெரியல."

பரசுராமன் பைக்கை உதைத்தார். "எனக்குத் தெரியும். தொட்டிருக்க மாட்டா" என்றார்.

கியாசுதீனின் மனைவி மெஹதாப் அந்த நாட்களில் தினமும் பரசுராமன் வீட்டுக்குச் சோறு கொண்டுபோனாள். அங்கே அடுப்பு மூட்டுகிற நிலையில் யாரும் இல்லை. பதினாலாம் நாள் தூக்குச் சட்டியைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தாள்.

"ஏன்ஜி, அங்க சண்டை" என்றாள். "பதினாறாம் நாள் பொண்ணு பேர்ல புதுத்துணி எடுத்து வெச்சுப் படைக்கணும்னு அவ அம்மா ரேவதி சொல்லுது. கல்யாணம் ஆவாம போன பொண்ணு, வீட்டுக்கு சாமியா வரும்னு அவங்களுக்கு ஒரு வழக்கமாம். பரசுராமன் அண்ணன் முடியாதுங்கறாரு. ஒரு பிடியைத் தூக்கத் துப்பில்லாதது, வீட்டைக் காப்பாத்துமான்னு கேக்கறாரு. போட்டோவைக்கூட மாட்ட விடல. பீரோவுக்குப் பின்னால சொருகி வெச்சிருக்காரு. பெத்தவரு பேசற பேச்சாஜி இது?"

கியாசுதீன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிறகு அவளிடம் சொன்னார். மழை, பேஸ்ட், பிடி, சாவி, எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லி முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருப்பதுபோலவே இருந்தாள். பக்கத்துத் தெருவில் பவர்லூம் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. அதுவும் நின்றது.

"யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது. கொஞ்ச நாள்ல வண்டியை ஸ்கிராப்புக்குக் குடுத்துடுவாங்க."

மெஹதாப் எழுந்து தூக்குச் சட்டியைக் கழுவப் போனாள். அங்கிருந்தே சொன்னாள். "இனிமே என்னால இதை எடுத்துக்கினு அந்த வீட்டுப் படி ஏற முடியாதுஜி. சொல்லிட்டு வந்தீங்கன்னா, அவங்க அடிச்சுத் துரத்தினாலும் வெளியில நின்னு அழுதுட்டு வருவேன்."

மறுநாள் மாலை கியாசுதீன் போனார். பரசுராமன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வா பாய்" என்று இன்னொன்றை இழுத்துப் போட்டார். கியாசுதீன் உட்காரவில்லை.

"அன்னிக்குப் பொய் சொன்னேம்பா. பிடி தூக்கியிருந்துது."

பரசுராமன் புரியாமல் பார்த்தார்.

"பிரியா பிடியைத் தூக்கியிருக்குது. உதைச்சிருக்குது. ஜன்னல் திறக்கல. ஏன்னா நான் அதை அடைச்சிருந்தேன். மழைக்குத் தண்ணி இறங்குதுன்னு வேலாயுதம் கொண்டாந்தான். பேஸ்ட் போட்டு ஒட்டினேன். இந்தக் கையால. அப்புறம் அறுக்கணும்னு இருந்தேன், அறுக்கல. அது அவ சீட்டுன்னு எனக்குத் தோணவே இல்லப்பா. அல்லா மேல ஆணையா தோணல."

அவர் நிறுத்தினார். இதற்கப்புறம் அடி விழும் என்று நினைத்திருந்தார். விழவில்லை. பரசுராமனின் வாய் மட்டும் அசைந்தது.

"தூக்கியிருந்துதா?"

"முழுசா தூக்கியிருந்துது."

"தூங்கலயா?"

"தூங்கல. சாவியால பேஸ்ட்டைப் பெயர்த்திருக்குது. ஒரு சாண். எது பிடிச்சுக்கினு இருக்குதுன்னு கண்டுபிடிச்சுப் பெயர்த்திருக்குது."

"ரேவதி!" என்று பரசுராமன் கத்தினார். "ரேவதி, இங்க வா. ஓடியா. பாய் சொல்றதைக் கேளு. நம்ம பொண்ணு..." பதினைந்து நாளாக எங்கேயோ கட்டிக் கிடந்தது உடைந்து, அந்தப் பெரிய உடம்பு நாற்காலியோடு குலுங்கியது. "என் தாயி, என் தங்கமே, உன்னைப் போய் இன்னா பேச்சுப் பேசிட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி அழுதார்.

ரேவதி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"சொல்லு" என்றார் பரசுராமன், முகத்தைத் துடைக்காமலே. "அவகிட்டயும் சொல்லு."

கியாசுதீன் இரண்டாவது முறை சொன்னார். முதல்முறை சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. பிடியைப் பற்றிச் சொன்னார், செருப்பு அடையாளத்தைச் சொன்னார், சாவியைச் சொன்னார். ரேவதி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் முடித்ததும், மெதுவாக, கடையில் ஏதோ விலை கேட்பதுபோலக் கேட்டாள்:

"ஒரு சாண் பெயர்க்க எவ்ளோ நேரம் ஆவும் பாய்?"

கியாசுதீனுக்கு அது தெரியும். காய்ந்த பேஸ்ட்டைக் கத்தியால் அறுத்தாலே ஒரு சாணுக்கு எவ்வளவு நேரம் என்று அவர் கைக்குத் தெரியும். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தூக்கத்துலயே போய்ட்டுதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள் ரேவதி. "இவரு திட்டறப்பெல்லாம், திட்டட்டும், எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, தூங்கிக்கினே இருந்துச்சுன்னு நெனச்சுக்குவேன். அதை வெச்சுத்தான் ரெண்டு வாய் தண்ணி குடிச்சேன். அப்ப அது முழிச்சுக்கினு இருந்துச்சா?"

பரசுராமன் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"அவ்ளோ நேரமும் முழிச்சுக்கினுதான் இருந்துச்சா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். கியாசுதீன் வரும் வழியெல்லாம் பரசுராமனைப் பற்றி மட்டும்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு அப்பாவுக்கு அவர் மகளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம், அதற்கு என்ன தண்டனை கிடைத்தாலும் கிடைக்கட்டும் என்று. அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவரிடமிருந்து எடுத்துத்தான் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

தெருவில் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். விளக்கு எரியத் தொடங்கியது. மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தார்கள். பரசுராமன் எழுந்து உள்ளே போய், பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் படத்தை எடுத்து, மேல்துண்டால் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு வெளியே பார்க்காமலே சொன்னார்:

"நாளைக்குப் படையல் இருக்குது. நாளான்னைக்கு காலைல ஏழு மணிக்கு ரெடியா இரு. ஸ்டேஷன்ல வந்து இதைச் சொல்லணும். எம்பொண்ணு தூங்கினான்னு அவனுங்க எழுதி வெச்சிருக்கறதை அடிக்கணும்."

"வரேம்பா."

"இனிமே 'ப்பா' போட்டுப் பேசாத."

சொன்னபடி ஏழு மணிக்குப் பைக் வந்து நின்றது. மெஹதாப் கதவோரம் நின்றாள். பரசுராமன் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கியாசுதீன் பின்னால் ஏறிக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ முறை அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறார். காற்றில் பாதி வார்த்தை பறந்துபோனாலும், மீதிப் பாதியைப் பிடித்துக்கொண்டு இருவரும் பேசிக்கொண்டே போவார்கள். அன்று தாமல் ஏரிக்கரை வந்தது, போனது. டோல்கேட் வந்தது, போனது. நாற்பத்தைந்து கிலோமீட்டரும் ஒரு வார்த்தை இல்லை. பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது கியாசுதீனின் கை தானாக அவர் தோளைப் பிடித்தது. உடனே எடுத்துக்கொண்டார்.

ஸ்டேஷனில் ரைட்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, இதைச் சொன்னா உங்க மேலயே கேஸ் வரும். தெரியுமா?"

"தெரியும் சார்" என்றார் கியாசுதீன்.

"யாராச்சும் மிரட்டிக் கூட்டினு வந்தாங்களா?"

"இல்ல சார்."

ரைட்டர் பரசுராமனிடம் திரும்பினார். "நீங்க யாரு? இவருக்குச் சொந்தமா?"

பரசுராமன் மேஜைமேல் இருந்த வெள்ளைத்தாளைப் பார்த்தார். ரைட்டர் பேனாவை மேஜையில் தட்டினார்.

"முப்பத்தஞ்சாம் நம்பர் சீட்டுல இருந்த பொண்ணோட அப்பா" என்றார் பரசுராமன். "வண்டியை ஒரு வாட்டி உள்ள ஏறிப் பார்க்கலாமா சார்?"

ரைட்டர் சரி என்றார். பரசுராமன் வெளியே போனார்.

ரைட்டர் கேட்டதற்கெல்லாம் கியாசுதீன் பதில் சொன்னார். பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில். மேஜைக்கு எதிரே ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியாக முள்செடிகளும் பஸ்ஸும் தெரிந்தன. பரசுராமன் பஸ்ஸின் எலும்புப் பக்கமாக ஏறுவது தெரிந்தது. பிறகு தெரியவில்லை. கறுத்த கண்ணாடிகளுக்குப் பின்னால் அவர் எங்கே நிற்கிறார், எங்கே உட்காருகிறார் என்று வெளியிலிருந்து பார்க்க வழி இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம், வலது பக்கத்துக் கடைசிக்கு முந்தின ஜன்னலில் உள்ளிருந்து ஒரு அடி விழுந்தது. தோளால் மோதுகிற அடி. இன்னொன்று விழுந்தது. ஜன்னல் அசையவில்லை.

"சொல்லுங்க பாய்" என்றார் ரைட்டர். "எந்த மாசம்?"

மூன்றாவது அடி விழுந்தது.

"ஐப்பசி சார்" என்றார் கியாசுதீன். "மழை வர மாதிரி இருந்துது."